டிசம்பர் 19 ஓட்ஸ் மஃபின் தினம்: வீட்டு ஓவனில் 12 மஃபின், முதல் நாளிலிருந்து படிப்படியாக

அமெரிக்காவில் டிசம்பர் 19ஐ ஓட்ஸ் மஃபின் தினமாக வைத்திருக்கிறார்கள். கொழும்பில் இருக்கிற நமக்கும் அது வசதியான நாள்தான்: நத்தாருக்கு இன்னும் ஆறு நாள், கேக்குக்கு வாங்கிய பிளம்ஸும் கஜுவும் வீட்டில் மிச்சம் கிடக்கும், ஓவனும் அந்த வாரம் எப்படியும் அலுமாரிக்கு மேலிருந்து இறங்கியிருக்கும். ரிச் கேக் போல நாட்கணக்கில் வேலை இல்லை. தயார் வேலைக்கு முக்கால் மணி நேரம், சுடுவதற்கு இருபது நிமிடம்.

புதிதாகச் செய்கிறவர்களுடன் குசினியில் பக்கத்தில் நின்று பார்த்ததில், அநேகமாக எல்லோரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். சாமான் எல்லாம் சரியாக வாங்கியிருப்பார்கள், அளவும் சரி, ஆனால் எல்லாவற்றையும் கலந்து முடித்த பிறகுதான் ஓவனைப் போடுவார்கள், பிறகு கடுதாசிக் கிண்ணம் எங்கே என்று தேடுவார்கள், ஓவன் சூடாகிற அந்த நேரத்தில் கலவையிலுள்ள அப்பச்சோடாவின் வேலை பாதி முடிந்துபோயிருக்கும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். ஒவ்வொரு படிக்கும் காரணமும் எழுதியிருக்கிறேன், காரணம் தெரிந்தால் அவசரத்தில் எதை விடலாம், எதை விடக் கூடாது என்பது உங்களுக்கே விளங்கும்.

1. முதல் நாள் வாங்க வேண்டியவை

ஓட்ஸ் பக்கெட்டை எடுக்கும்போது தட்டையான, முழுசாகத் தெரிகிற ரோல்ட் ஓட்ஸாகப் பாருங்கள். குவிக் குக்கிங் என்று எழுதியது சின்னதாக வெட்டியது, அதுவும் சரிவரும், ஊறுகிற நேரம்தான் குறையும். சுவையும் சீனியும் சேர்த்த சின்னப் பைக்கெட் இன்ஸ்டன்ட் ஓட்ஸ் வேண்டாம், அது கூழாகிவிடும். ஸ்டீல் கட் ஓட்ஸ் அரிசிக் குறுணல் போல கடினமாக இருக்கும், இந்த நேரத்துக்குள் அது வேகாது. பக்கெட்டைத் திறந்ததும் மணந்து பாருங்கள். ஓட்ஸில் மற்றத் தானியங்களை விடக் கொழுப்பு அதிகம், நம் வெக்கையில் மாதக்கணக்கில் திறந்து கிடந்தால் காறல் மணம் வந்துவிடும், அந்த மணம் சுட்டாலும் போகாது.

தயிருக்குச் சட்டித் தயிர்தான் என் தெரிவு, மட்டக்களப்புத் தயிராக இருந்தால் இன்னும் நல்லது. எருமைத் தயிர் கெட்டியாக இருப்பதால் கலவை தண்ணியாகாது, புளிப்பு சோடாவோடு சேர்ந்து மஃபினை எழுப்பும். மேலே நிற்கிற தண்ணியை வடித்துவிட்டு அளவுங்கள்.

இனிப்புக்குப் பனங்கட்டி அல்லது கித்துள் கருப்பட்டி. யாழ்ப்பாணத்திலிருந்து யாராவது கொண்டுவந்த பனங்கட்டிக் குட்டான் வீட்டில் இருந்தால் அதையே எடுங்கள். இல்லாவிட்டால் வெள்ளவத்தையில் யாழ்ப்பாணச் சாமான் விற்கிற கடைகளில் கேட்டுப் பாருங்கள். கித்துள் பாணியை இதற்குப் பாவிக்க வேண்டாம், பாணியில் தண்ணி கூட, அளவு மாறிப்போகும்.

மஃபின் தட்டு, கடுதாசிக் கிண்ணம் எல்லாம் புறக்கோட்டையில் கேக் சாமான் விற்கிற கடைகளில் மலிவு. டிசம்பரில் அங்கே கூட்டம் தாங்காது, முந்திக்கொண்டு போய் வாருங்கள். தட்டு வாங்கும் முன் உங்கள் ஓவனின் உள்ளளவை அளந்துகொண்டு போங்கள். மேசை ஓவன்கள் பலவற்றில் 12 குழித் தட்டு நுழையாது, 6 குழித் தட்டு இரண்டு வாங்கி ஒன்றன்பின் ஒன்றாகச் சுட வேண்டி வரும்.

2. அளவு

ரோல்ட் ஓட்ஸ் 100 கிராம், கெட்டித் தயிர் 150 கிராம், பால் 3 மேசைக்கரண்டி. பனங்கட்டி அல்லது கித்துள் கருப்பட்டி 100 கிராம், அதைக் கரைக்கத் தண்ணி 2 மேசைக்கரண்டி. கோதுமை மா 90 கிராம், ஆட்டா மா 60 கிராம். பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, அப்பச்சோடா கால் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைய, கறுவாத் தூள் ஒரு தேக்கரண்டி. முட்டை 2, எண்ணெய் 65 மில்லிலீற்றர், நன்றாகக் கனிந்த வாழைப்பழம் சின்னதாக இருந்தால் இரண்டு, பெரிதென்றால் ஒன்று, மசித்தால் 70 கிராம் வரை வர வேண்டும். பிளம்ஸ் அல்லது நறுக்கிய பேரீச்சம்பழம் 50 கிராம், உடைத்த கஜு 30 கிராம்.

தராசில் நிறுத்து எடுங்கள். தேத்தண்ணிக் கோப்பை வீட்டுக்கு வீடு வேறு, கோப்பையால் மாவை அள்ளும்போது அமுக்கி அள்ளுகிறவருக்கும் தூவி நிரப்புகிறவருக்கும் 30 கிராம் வரை வித்தியாசம் வரும். இவ்வளவு சின்னக் கலவையில் 30 கிராம் மா கூடினால் மஃபின் கல்லாகிவிடும்.

முழுக்க ஆட்டா போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள், ஓட்ஸ் மட்டும் போதாதா என்றும் கேட்பார்கள். கோதுமை மாவுக்கு இழுவை கொடுக்கிற குளூட்டன் என்ற புரதம் ஓட்ஸில் இல்லை, வாயுவைப் பிடித்து வைத்திருக்க அதற்கு வலு இல்லை. ஆட்டாவின் தவிடும் அந்த வலுவைக் குறைக்கும், தண்ணியையும் இழுத்துக்கொள்ளும். முதல் தடவை இந்த அளவிலேயே செய்யுங்கள், பிறகு வேண்டுமானால் பாதிக்குப் பாதி ஆட்டா வரை போகலாம்.

சத்து விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கொலஸ்ட்ரோலைக் குறைக்க உதவுகிற பீட்டா குளுக்கன், அதாவது ஓட்ஸிலுள்ள கரையும் நார்ச்சத்து, நாளொன்றுக்கு 3 கிராம் வேண்டும் என்பதுதான் பொதுவாக ஏற்றுக்கொண்ட அளவு. 100 கிராம் ஓட்ஸில் ஏறத்தாழ 4 கிராம் இருக்கும், 12 ஆகப் பிரித்தால் ஒரு மஃபினுக்கு அந்த 3 கிராமில் பத்தில் ஒரு பங்குதான். காலையில் குடிக்கிற ஓட்ஸ் கஞ்சிக்கு இது பதில் ஆகாது. பனங்கட்டியும் சீனிதான், மஃபின் ஒன்றுக்கு 8 கிராமுக்குச் சற்று மேலே வரும், பிளம்ஸ் இனிப்பு வேறு. வீட்டில் சலரோகம் உள்ளவர்களுக்கு "இது பனங்கட்டிதானே" என்று சொல்லி இரண்டு மூன்று கொடுக்க வேண்டாம். தேத்தண்ணிக்கு வாங்குகிற கிரீம் கேக்கோடு ஒப்பிட்டால் இதில் சீனியும் கொழுப்பும் குறைவு, நார்ச்சத்து கூட. அந்த அளவுக்கு இது நல்ல தின்பண்டம்.

3. முதல் வேலை: ஓட்ஸை ஊறப்போடுவது

தயிரையும் பாலையும் பெரிய பாத்திரத்தில் கட்டியில்லாமல் அடித்து, ஓட்ஸைக் கொட்டிக் கிளறி, மூடி 30 நிமிடம் வையுங்கள். குவிக் ஓட்ஸ் என்றால் 15 நிமிடம் போதும்.

நேரமில்லை என்று இதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். ஊறாத ஓட்ஸ் ஓவனுக்குள் போய் மாவிலுள்ள ஈரத்தை இழுக்கும், அப்புறம் மஃபின் காய்ந்து, தொட்டால் உதிரும். ஓட்ஸ் தனியே வாயில் கடிபடும். ஊறியதா என்று பார்க்க ஒரு துண்டை விரலுக்கிடையில் நசுக்குங்கள், நடுவில் வெள்ளைக் கடினம் தெரியாமல் மசிந்தால் சரி.

தயிரும் முட்டையும் ஃபிரிட்ஜில் இருந்தால், ஊறப்போடத் தொடங்கும் முன்பே இரண்டையும் வெளியே எடுத்து வையுங்கள். தேங்காயெண்ணெய் பாவிக்கிறவர்கள் இதை மறக்கவே கூடாது. கொழும்பு வெக்கையில் தேங்காயெண்ணெய் தண்ணியாகத்தான் இருக்கும், ஆனால் குளிர்ந்த தயிரில் ஊற்றியதும் சின்னச் சின்ன வெள்ளை முத்தாக உறைந்துவிடும், பிறகு எவ்வளவு அடித்தாலும் சேராது.

4. பனங்கட்டியைக் கரைத்து வடிப்பது

ஓட்ஸ் ஊறும்போது பனங்கட்டியைச் சீவி, 2 மேசைக்கரண்டித் தண்ணியோடு சின்னச் சட்டியில் மெல்லிய நெருப்பில் கரையுங்கள். கொதித்துப் பாகாக விட வேண்டாம், கட்டி கரைந்ததும் இறக்கிவிடுங்கள். பாலில் கரைத்தால் பால் திரியக்கூடும், அதனால்தான் தண்ணி.

கரைந்ததைத் தேத்தண்ணி வடியால் கட்டாயம் வடியுங்கள். குட்டானைப் பிரிக்கும்போது ஓலை நார் ஒட்டிக்கொண்டு வரும், அடியில் மண்டியும் இருக்கும், மஃபினுக்குள் ஒரு மண் கடிபட்டால் முழுத் தட்டையும் யாரும் தொட மாட்டார்கள். வடித்ததை விரல் பொறுக்கிற சூட்டுக்கு ஆற விடுங்கள். சுடச்சுட முட்டையில் ஊற்றினால் முட்டை வெந்து நூல் நூலாகும்.

5. ஓவனைப் போடுங்கள், தட்டை ஆயத்தம் செய்யுங்கள்

இன்னும் எதையும் கலக்கவில்லை, ஆனால் ஓவனை இப்போதே 200 பாகை செல்சியஸில் போட வேண்டும். மேசை ஓவனில் சூடு ஏறிவிட்டது என்று விளக்கு அணைந்தாலும் இன்னும் பத்து நிமிடம் விடுங்கள். விளக்கு அணையும்போது உள்ளே காற்றுத்தான் சூடாகியிருக்கும், சுவரும் கம்பியும் சூடேறவில்லை, கதவைத் திறந்து தட்டை வைத்த உடனே வெப்பம் இறங்கிவிடும். மின்விசிறி உள்ள ஓவன் என்றால் எல்லா அளவிலும் 20 பாகை குறையுங்கள். ஓவனுக்குள் வைக்கிற சின்ன வெப்பமானி ஒன்று இருந்தால் நல்லது, ஏனென்றால் இந்தச் சின்ன ஓவன்களின் திருகாணி காட்டுகிற எண்ணும் உள்ளே இருக்கிற சூடும் பல நேரம் ஒத்துவராது.

கம்பித் தட்டை நடுவில் வையுங்கள். குழிகளில் கடுதாசிக் கிண்ணங்களை இட்டு, அவற்றின் உள்ளே லேசாக எண்ணெய் பூசுங்கள். இதில் கொழுப்புக் குறைவு என்பதால் பூசாவிட்டால் கடுதாசியோடு பாதி மஃபின் போய்விடும்.

6. உலர்ந்தது ஒரு பாத்திரம், ஈரமானது ஒரு பாத்திரம்

கோதுமை மா, பேக்கிங் பவுடர், அப்பச்சோடா, உப்பு, கறுவா எல்லாவற்றையும் சேர்த்து அரிதட்டில் இரண்டு தரம் அரியுங்கள். ஆட்டாவை அரிக்காமல் அப்படியே சேர்க்கலாம், அரித்தால் தவிடு நின்றுவிடும். சோடா எங்கேயாவது கட்டியாக நின்றால் அந்த இடம் சவர்க்காரம் மாதிரி கைக்கும், பழுப்புப் புள்ளியும் விழும். பிளம்ஸையும் கஜுவையும் இந்த மாவிலேயே பிரட்டி வையுங்கள், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாது.

பேக்கிங் பவுடர் பழையது என்று சந்தேகமிருந்தால் அரைத் தேக்கரண்டியைச் சுடுதண்ணியில் போடுங்கள். சளசளவென்று பொங்க வேண்டும். சும்மா கலங்கினால் புது டின் வாங்குங்கள், ஈரலிப்பான ஊரில் மூடி சரியாக மூடாத டின் சீக்கிரம் செத்துவிடும்.

ஊறின ஓட்ஸில் முட்டை, மசித்த வாழைப்பழம், ஆறின பனங்கட்டிப் பாணி, எண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்து நன்றாக அடியுங்கள். இங்கே எவ்வளவு அடித்தாலும் பிழையில்லை, மா இன்னும் சேரவில்லை.

7. இரண்டையும் சேர்ப்பது

முழு வேலையிலும் கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுதான், நேரம் என்று பார்த்தால் அரை நிமிடம் கூட ஆகாது. ஓவன் சூடாகிவிட்டதா, தட்டு கைக்கெட்டுகிற இடத்தில் இருக்கிறதா என்று ஒருதரம் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். தயிரின் புளிப்புப் பட்ட உடனே சோடா வாயு விடத் தொடங்கும், அது உங்களுக்காகக் காத்திராது.

மாவின் நடுவில் குழி செய்து ஈரக் கலவையை ஒரேயடியாக ஊற்றுங்கள். அகப்பை அல்லது ரப்பர் கரண்டியால் அடியிலிருந்து அள்ளி மேலே மடியுங்கள், பாத்திரத்தைக் கொஞ்சம் திருப்பி மறுபடி மடியுங்கள். பத்துப் பன்னிரண்டு மடிப்பில் போதும். பீட்டர் வேண்டாம், ரொட்டிக்குப் பிசைகிற மாதிரிக் கையும் வேண்டாம்.

எப்போது நிறுத்துவது? கலவை முட்டு முட்டாக, கரடுமுரடாக இருக்கும், அங்கங்கே வெள்ளைக் கோடு மாதிரி மா தெரியும், அடியில் உலர்ந்த மா குவியலாக இல்லை என்றால் நிறுத்திவிடுங்கள். அந்த வெள்ளைக் கோடுகள் ஓவனில் தானாகக் காணாமல் போய்விடும். புதிதாகச் செய்கிறவர்களுக்கு மனம் கேட்காது, இன்னும் நாலு கிளறு கிளறி வழுவழுப்பாக்கிவிடுவார்கள், கேக் செய்து பழகியவர்கள் இன்னும் கூட. கிளறக் கிளற குளூட்டன் இழுவை பிடிக்கும். அப்படிச் சுட்ட மஃபினைக் குறுக்காக வெட்டிப் பாருங்கள்: அடியிலிருந்து மேல்நோக்கி நீளமான பொந்துகள் ஓடியிருக்கும், தலை கூராக ஒரு பக்கம் சரிந்திருக்கும், கடித்தால் இறப்பர் மாதிரி இழுபடும். சரியாகக் கலந்ததில் பொந்து இராது, சின்னச் சின்னத் துளைகள் ஒரே சீராக இருக்கும், கையால் பிய்த்தால் பூப்போலப் பிரியும்.

8. ஊற்றிச் சுடுவது

ஒவ்வொரு கிண்ணத்திலும் முக்கால் பங்குக்குப் போடுங்கள், ஒரே கரண்டியால் ஒரே அளவு. ஒன்று பெரிதும் ஒன்று சின்னதுமாக இருந்தால் சின்னது காயும் நேரத்தில் பெரியது உள்ளே பச்சையாக இருக்கும். வெறுமனே மிஞ்சுகிற குழிகளில் கொஞ்சம் தண்ணி ஊற்றிவிடுங்கள், தட்டு கோணாது.

200 பாகையில் 5 நிமிடம், பிறகு கதவைத் திறக்காமலே 180க்குக் குறைத்து இன்னும் 13 முதல் 15 நிமிடம். முதலில் கிடைக்கிற கடும் சூட்டில் உள்ளிருக்கிற நீராவியும் வாயுவும் மேற்புறம் இறுகும் முன்னே எழும்பிவிடும், தலை உருண்டையாக வரும். அதே சூட்டில் விட்டால் பனங்கட்டி கருகும், அதனால்தான் குறைக்கிறோம்.

ஒரு தங்கை பாதியில் போன் எடுத்தாள்: "அக்கா, மேல் கறுத்துட்டுது, ஈர்க்குக் குத்தினா உள்ளே மா ஒட்டுது." சின்ன ஓவனில் மேல்கம்பி மிகக் கிட்ட இருக்கும், அவள் தட்டை மேலடுக்கில் வைத்திருந்தாள். ஒரு அடுக்கு இறக்கி, மேலே அலுமினியத் தாளை லேசாகப் போர்த்திவிட்டு இன்னும் சில நிமிடம் விடச் சொன்னேன், சரியாக வந்தது. ஆனால் முதல் 12 நிமிடத்துக்குள் கதவைத் திறக்க வேண்டாம், இன்னும் நிற்கப் பழகாத மஃபின் அமுங்கிவிடும்.

நடுமஃபினில் ஈர்க்கைக் குத்தி எடுத்தால் ஈரமா ஒட்டக் கூடாது, ஒன்றிரண்டு பொருக்கு ஒட்டினால் பரவாயில்லை. பிளம்ஸில் குத்தினால் ஈரமாகத்தான் வரும், வேறு இடத்தில் குத்திப் பாருங்கள். விரலால் தலையை அமுக்கினால் திரும்பி எழும்ப வேண்டும்.

இரண்டு தடவையாகச் சுடுகிறவர்கள் இரண்டாம் பாதியைக் கிளறாமல் அப்படியே வைத்திருங்கள். கொஞ்சம் குறைவாக எழும்பும், சாப்பிட நன்றாகவே இருக்கும்.

9. ஆறவிடுவது

தட்டிலேயே 5 நிமிடம், அப்புறம் கம்பி மேல். வந்த உடனே எடுத்தால் உடையும், தட்டிலேயே விட்டால் நீராவி அடியில் தங்கிக் கடுதாசி நனைந்துவிடும். சூட்டோடு கடுதாசியை உரிக்காதீர்கள், 20 நிமிடம் போனால் சுத்தமாகக் கழன்று வரும்.

10. முட்டை இல்லாமல்

பெருங்கதை விரதம், திருவெம்பாவை என்று டிசம்பரில் மரக்கறி நாட்கள் நிறைய வரும், வெள்ளிக்கிழமையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். 2 முட்டைக்குப் பதிலாக 2 மேசைக்கரண்டி ஆளி விதைத் தூளை 6 மேசைக்கரண்டித் தண்ணியில் 10 நிமிடம் ஊற வையுங்கள், வழுவழுப்பாகக் கெட்டியாகும், அதை ஈரக் கலவையில் சேருங்கள். முட்டை போட்டது போல உயராது, உள்ளே சற்று அடர்த்தியாக இருக்கும். 3 நிமிடம் கூடச் சுடுங்கள். முழுக்க ஆறிய பிறகுதான் உரிக்க வேண்டும், சூட்டில் உதிரும். தட்டும் பாத்திரமும் முட்டை புழங்கியவை என்றால் விரதக்காரரிடம் முதலே சொல்லிவிடுங்கள்.

11. பிழைத்தால் எங்கே பார்ப்பது

எழும்பவே இல்லை என்றால் பெரும்பாலும் பேக்கிங் பவுடர் பழசு, அல்லது கலந்துவிட்டு ஓவனுக்காகக் காத்திருந்திருக்கிறீர்கள். எழும்பி நடுவில் குழி விழுந்தால் உள்ளே வேகவில்லை, அல்லது சோடா கூடிப்போயிற்று. "இன்னும் கொஞ்சம் போட்டால் இன்னும் பொங்கும்" என்று சோடாவைக் கூட்டுவது நடக்கிறது, கூடினால் வாயு ஒன்றாகப் பெருத்து வெடித்து அமுங்கும். உள்ளே பிசுபிசுப்பாக இருந்தால் வாழைப்பழம் அளவுக்கு மிஞ்சியிருக்கும். பழம் வீணாகிறதே என்று மூன்று நாலு மசித்துப் போட வேண்டாம், மிஞ்சினதைச் சும்மா சாப்பிடுங்கள்.

12. வைத்திருப்பது

முழுக்க ஆறாமல் டின்னில் அடைத்தால் மூடியில் தண்ணி கோர்த்து அடுத்த நாளே தலை ஒட்டும். டின்னுக்கு அடியில் உறிஞ்சுகிற கடுதாசி ஒன்று விரித்து, ஒரே அடுக்காக வையுங்கள். கொழும்பு ஈரலிப்பில் வெளியே இரண்டு நாளுக்கு மேல் நம்ப மாட்டேன், பழம் சேர்ந்த பண்டம் சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். சாதாரண ஃபிரிட்ஜ் தட்டில் வைத்தால் காய்ந்து இறுகும். அதை விட, ஒவ்வொன்றாகச் சுற்றிப் பையில் போட்டு ஃபிரீசரில் வைத்தால் இரண்டு மாதம் வரை நன்றாக இருக்கும். சாப்பிட எடுக்கும்போது 160 பாகை ஓவனில் 8 நிமிடம் சூடாக்குங்கள்.

பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கிறவர்கள் 19ஆம் திகதி காலையிலேயே சுட்டு, மத்தியானத்துக்குள் ஆறவைத்து, பின்னேரத் தேத்தண்ணிக்குக் கொடுங்கள். உள்ளே கஜு இருக்கிறது, முட்டை இருக்கிறது என்பதைக் கொடுக்கும்போதே சொல்லுங்கள், சின்னப் பிள்ளைகள் உள்ள வீடென்றால் கட்டாயம்.